சிவப்பு அம்பு ஒட்டிய கண்

மயக்க மருந்து டாக்டரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அறுவை செய்தவர் வீட்டுக்குப் பழக்கூடை போகும், பேரக்குழந்தைக்கு அவர் பெயர்கூட வைப்பார்கள். நாங்கள் முகமூடிக்கு மேலே தெரிகிற இரண்டு கண்கள், "நல்லா மூச்சை இழுங்க" என்கிற ஒரு குரல், அவ்வளவுதான். வேலையை ஒழுங்காகச் செய்தால் நோயாளி எங்களை மறந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். முப்பது வருஷம் இப்படி மறக்கப்பட்டதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். என்னை மறக்காத ஒரே நோயாளி தரணிதரன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரிப்பதற்குப் பெயர் பிசிறு வெட்டுவது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவன், வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள். அக்கா மேகலா மின்வாரிய அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்று ஒரு வாடகை வீட்டில் காலம் போய்க்கொண்டிருந்தது.

முதலில் நூல்களைத் தவறவிட ஆரம்பித்தான். பிறகு படியில் தடுக்கினான். தட்டில் சோறு எங்கே, குழம்பு எங்கே என்று தடவினான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வரும் என்று யாரோ சொல்லி, ஒரு டாக்டர் அதையே உறுதியும் செய்து, மேகலா பல நாள் அழுதிருக்கிறாள். கடைசியில் ஒரு நர்ஸ் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு கண்ணிலும் புரை பாலாடை மாதிரி படிந்திருந்தது. அவனுக்கு எதுவும் மறக்கவில்லை. பார்வைதான் போயிருந்தது. அவர்களுக்குப் புரையும் சீக்கிரம் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள். அப்போதுதான் துணைவிழி புதிதாக வந்திருந்தது. அதைப் பற்றி எனக்கு விளக்கியவர் கண் அறுவை நிபுணர் ஞானராஜ். கெட்டிக்காரர், கை அசையாது, வாய்தான் கொஞ்சம் அதிகம்.

"சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான், மேடம். தூரத்துக்கு வெச்சா கிட்டக்கத் தெரியாது, கண்ணாடி போடணும். இவங்களுக்குக் கண்ணாடி நிக்கிறதில்லை. மூக்குத்தண்டு தாழ்வா இருக்கும், வழுக்கிட்டு வந்துரும். துணைவிழி அப்படியில்ல. பாக்கற பொருளுக்குத் தக்கமாதிரி தானே மாத்திக்கும்."

"எதைப் பாக்கறான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள ஒரு கேமரா இருக்கு. கடுகுல பாதிகூட இருக்காது. அவர் பாக்கறதை அதுவும் பாத்து, போன் வழியா கம்பெனி கம்ப்யூட்டருக்கு அனுப்பும். 'இப்ப நூலைப் பாக்கறார், கிட்டக்க வா'ன்னு அங்கேயிருந்து லென்ஸுக்குச் சொல்லும். மத்தவங்களா இருந்தா 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு கேட்டுக் கேட்டு சரி பண்ணிரலாம். இவர்கிட்ட கேட்டா ரெண்டுக்கும் தலையாட்டுவார்."

"யார் போன் வழியா?"

"பாதுகாவலர் போன். அவங்க அக்கா. வேணும்னா அவங்களும் அதைப் பாத்துக்கலாம். கம்பெனி சும்மா கொடுக்கற வசதி."

அன்றைக்கு எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. என் கவலை வேறு. இப்படிப்பட்டவர்களைக் கண் அறுவைக்குச் சொட்டு மருந்து போட்டுப் படுக்க வைக்க முடியாது. பயந்து தலையைத் திருப்பினால் கத்தி எங்கேயாவது போய்விடும். முழு மயக்கம்தான் கொடுக்க வேண்டும். தரணிக்கோ குழந்தையிலேயே இதயத்தில் ஓட்டையை அடைத்திருந்தார்கள். கழுத்தெலும்பு தளர்ந்திருந்தது, தலையைக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கும். தொண்டை குறுகல். அதனால்தான் இரண்டு கண்ணையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடுவது என்று தீர்மானித்தோம். வலது கண்ணில் துணைவிழி, இடது கண்ணில் சாதாரண லென்ஸ்.

"பலூன் ஊதற மாதிரி ஊதுங்க தரணி" என்று முகமூடியை வைத்தேன். சமர்த்தாக ஊதினான். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, திரையில் நாடித்துடிப்பு சரிந்தது. எண்பது, அறுபது, நாற்பது. நான் வாயுவைக் குறைத்து, ஊசி போட்டு, கழுத்தை அசைக்காமல் பையை அழுத்தி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்ப மேலே ஏறியது. ஞானராஜ் அந்த நேரத்தில் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் முடிந்தபிறகு உடை மாற்றும் அறையில் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கட்டுப் பிரிக்கும்போது நானும் போயிருந்தேன். அவன் முதலில் அக்காவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அவள் காதோரத்தைத் தொட்டான்.

"அக்கா, வெள்ளையாயிருச்சு."

மேகலா சிரித்தாள், பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகமூடி இல்லாத முகத்தை அவன் அதற்குமுன் பார்த்ததே கிடையாது.

"நீங்க ஊதச் சொன்னீங்" என்றான்.

அன்றைக்கு எனக்கு யாரும் பழக்கூடை அனுப்பவில்லை. தேவையும் படவில்லை.

மழைக்காலம் முடிந்து அவர்கள் திரும்பவும் வந்தார்கள். ஞானராஜ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தரணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கண் மூடியிருந்தது. மூடிய இமைமேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை என்று ஒன்று உண்டு. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவார்கள். இங்கே டேமேஜ் என்று அர்த்தம்.

"அவரே ஒட்டிக் காட்டறார் பாருங்க" என்றார் ஞானராஜ். "இதைவிட என்ன சாட்சி வேணும்? தினமும் மணிக்கணக்கா வலது கண்ணை மூடிக்கறாராம். முதல்ல கையால, இப்ப ஸ்டிக்கரால. வேலையில நூலெல்லாம் விட்டுப்போகுதுன்னு கம்பெனியில நிறுத்தப் பாக்கறாங்க. லென்ஸ் கம்பெனியும் ரிப்போர்ட் அனுப்பிருக்கு. படம் பாதி நேரம் இருட்டு. லென்ஸ் நகர்ந்திருக்கும், இல்லாட்டி கண் கூசும்."

"விளக்கு வெச்சுப் பாத்தீங்களா?"

"அந்த மெஷின்ல தாடையை வெக்கவே மாட்டேங்கறார். மயக்கத்துலதான் பாக்கணும். பாத்துட்டு அப்படியே லென்ஸை மாத்திரலாம். நாளைக்குக் காலையில முதல் கேஸ்."

"போன தடவை அவன் இதயம் கிட்டத்தட்ட நின்னுபோச்சு, ஞானராஜ்."

"நல்லாத்தானே மேடம் எழுந்தார்?"

"எழுந்தான். எழுப்பினது நான். இன்னொரு தடவை எழுப்ப முடியுமான்னு எனக்குத் தெரியாது."

நான் விடவில்லை. காரணம் சரியாகத் தெரியாமல் அவனைத் தூங்க வைக்க மாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே பிடியாக நின்றேன். வேறு ஆள் வருவார் என்பது எனக்குத் தெரியும். மயக்க டாக்டருக்கா பஞ்சம்? அதனால் சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. கண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மதியம் சாப்பிட்டுவிட்டு, இதயத்தைச் சோதிக்கிறேன் என்ற சாக்கில் வார்டுக்குப் போனேன்.

கட்டிலில் தரணி, பக்கத்து ஸ்டூலில் மேகலா. அவள் மடியில் போன். அதை என்னிடம் நீட்டினாள். திரை முழுக்க இருட்டு, கரும்பலகையைக் காட்டியமாதிரி இருந்தது.

"பாருங் டாக்டர். காலையில இருந்து இதேதானுங். என்னமோ பண்ணுது அவனுக்கு, சொல்லத் தெரியல. முதல்ல எல்லாம் எவ்வளவு தெளிவா வரும் தெரியுங்களா? அவன் கம்பெனியில டீ குடிக்கறதை எங்க ஆபீஸ்ல இருந்தே பாப்பனுங். வடை எடுத்தான்னா உடனே போன் போட்டு, 'சாமி, கொழுப்பு ஏறும், வெச்சுரு'ம்பேன். மடிப்பு மேசையில சகாயமேரின்னு ஒரு புள்ள. அதுகூடவே பேச்சு. வேலையைப் பாருடான்னுவேன். அதோ அங்க ஒரு நூலை விட்டுட்டே பாருன்னுகூடச் சொல்லிருக்கேன்."

"அவன் என்ன சொல்லுவான்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டானுங். கேட்டுக்குவான்."

போன் கிணுகிணுத்தது. சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. வார்டில் இருந்த பிளக் வேலை செய்யவில்லை, எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த பிளக்தான் வேலை செய்தது? நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றேன். அவள் எழுந்து போனாள்.

தரணி கழுத்தை நீட்டி அவள் வாசலைத் தாண்டும்வரை பார்த்தான். பிறகு நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை மெதுவாகக் கிளப்பி, கிழியாமல் உரித்து, கட்டில் கம்பியில் ஒட்டி வைத்தான். இரண்டு கண்ணையும் திறந்தான். ஜன்னலைப் பார்த்தான். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. வெளியே தோட்டக்காரர் குழாயில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அதையே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், இமைகூடச் சுருங்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தான்.

"டாக்டரு மூக்குத்தி போட்டிருக்கீங்."

நான் டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தேன். "கூசுதா தரணி?"

"இல்லீங்."

"வலிக்குதா?"

"இல்லீங்."

செருப்புச் சத்தம் கேட்டது. அவன் அவசர அவசரமாக ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டான். வந்தது மேகலா. போன் கையில் இருந்தது. நர்ஸ் மேசையிலும் பிளக் காலியில்லையாம்.

"அந்தப் போனை நர்ஸ்கிட்டயே கொடுத்துட்டு, நீங்க மட்டும் வாங்க" என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் போய்விட்டு வந்தாள். தரணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தான், இடது கையைப் பார்த்தான், மடியைப் பார்த்தான். ஸ்டிக்கரை உரித்துக் கம்பியில் ஒட்டினான். அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"நர்ஸம்மா, போனைக் கொண்டாங்க" என்று குரல் கொடுத்தேன். நர்ஸ் போனோடு உள்ளே வந்தாள். அவன் கை கம்பிக்குப் போனது.

மேகலா அதைப் பார்த்தாள். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன்.

நர்ஸைப் போனோடு திருப்பி அனுப்பிவிட்டு, "தரணி, எதுக்கு இந்த ஸ்டிக்கர்?" என்று கேட்டேன்.

இதுகூடத் தெரியாதா என்கிறமாதிரி பார்த்தான். "அம்பு ஒட்டுனா வெளிய போகாதுங்."

"எது வெளிய போகாது?"

"பீஸு. அம்பு ஒட்டுன பீஸு பெட்டிக்குள்ள போகாது. கப்பலுக்குப் போகாது. இங்கயே இருக்கும்." கண்ணைத் தொட்டான். நர்ஸ் போன திசையில் கையைக் காட்டினான். "இதும் போகாது. அங்க."

நாங்கள் எல்லோரும் படித்தவர்கள். அம்பு என்றால் டேமேஜ் என்று படித்துக்கொண்டோம். அந்த மேசைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவனுக்கு அதன் அர்த்தம், இது வெளியே போகாது என்பதுதான். கம்பெனி கம்ப்யூட்டரும் அவன் பார்த்த ஒவ்வொன்றையும் அவனோடு சேர்ந்து பார்த்திருக்கிறது. இது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

"அக்கா பாத்தா என்ன, சாமி?" மேகலா அவன் பக்கமாகக் குனிந்தாள். "நான் உன்ற அக்காதானே?"

"உள்ளாரயே உக்காந்திருக்கே" என்றான் அவன். கோபமில்லை. புகார்கூட இல்லை. "குளிக்கறப்ப உக்காந்திருக்கே. மேரிகூடப் பேசறப்ப உக்காந்திருக்கே. அம்மா போட்டோகிட்ட பேசறப்பவும் உக்காந்திருக்கே."

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். போய், அறிவாளி மாதிரி, "அதை அணைச்சுருங்க மேகலா, அவ்வளவுதான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

அவள் திரும்பிய வேகத்தில் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"உங்களுக்கென்னங், சொல்லிட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. பழனியில தைப்பூசக் கூட்டத்துல அவனைத் தொலைச்சுட்டு, அம்மா அடிவாரமெல்லாம் அவன் பேரைக் கத்திட்டு ஓடுனது எனக்கல்ல தெரியும்? கிடைக்கறப்ப இடுப்புல துணியில்ல, யாரோ உருவிட்டு விட்டிருக்காங்க. அம்மா சாகறப்ப என்ற கையைப் புடிச்சு, 'அவன்மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ'ன்னுச்சு. வெச்சுக்கிட்டேன். தப்புங்களா? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவனுக்கு ஆருங் இருக்கா?"

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நல்லவேளை, அதை ஒப்புக்கொள்ளவாவது எனக்குப் புத்தி இருந்தது.

பிறகு அவள் குரல் மாறியது. "முதல் நாள் பயத்துலதானுங் பாத்தேன். நெசமாலுமே. ரோட்டைக் கவனமாத் தாண்டறானான்னு. அவன் என்னடான்னா ரோட்டோரத்துல ஒரு நாய் குட்டிக்குப் பால் கொடுக்கறதை நின்னு பாத்துட்டிருக்கான். நானும் கவுன்ட்டர்ல உக்காந்து அதையே பாத்தேன். எனக்கு எதையுமே அப்படி நின்னு பாக்கத் தெரியாதுங். அதுக்கப்புறம் அவன் என்ன பாக்கறான்னு பாக்காம இருக்க முடியல. எனக்குன்னு வேற என்ன இருக்குது? அது அவனுக்குத் துணையில்லீங். எனக்கு."

இதைக் கேட்டபோது என் கண் கலங்கியது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஞானராஜை அழைத்து வந்தேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. போனைக் கொண்டுவரச் செய்து, வெளியே அனுப்பி, மறுபடி கொண்டுவரச் செய்து அவரே பார்த்தார். பார்த்தபிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "நான் அவர்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல மேடம்" என்றார். அப்படி ஒப்புக்கொள்கிற டாக்டர்கள் நிறையப் பேரை நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர் சொன்ன அடுத்த விஷயம் கசப்பானது. அனுப்புவதை நிறுத்தினால் துணைவிழி கற்றுக்கொள்வதும் நிற்கும். தூரப் பார்வையில் அப்படியே உறைந்துவிடும். நூலைப் பார்க்கக் கண்ணாடி போட வேண்டும். ஒருமுறை அணைத்தால் அணைத்ததுதான், திரும்ப உயிர்ப்பிக்க இன்னொரு அறுவை வேண்டும். அணைக்கிற அதிகாரம் பாதுகாவலர் கட்டைவிரல் ரேகைக்கு மட்டும்.

மேகலா கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைக் கையில் வைத்திருந்தாள். அவன் கண்ணில் ஸ்டிக்கர் ஏறியிருந்தது.

"சாமி, இதை அணைச்சுட்டா நூல் தெரியாது. கண்ணாடி போடணும். போட்டுக்குவியா?"

"போட்டுக்கறேன்."

"விழும்டா."

"கட்டிக்கறேன்."

"அப்ப அக்கா பாக்கவே வேண்டாமா உன்னை?"

அவன் அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் அழுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஊட்டுக்கு வந்து பாருக்கா" என்றான்.

அவள் கட்டைவிரலை வைத்தாள். போனில் இருந்த இருட்டு அணைந்து ஏதோ விளம்பரம் வந்தது. அவன் அவள் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கரை உரித்தான். இந்தத் தடவை அதைக் கம்பியில் ஒட்டவில்லை. கசக்கிக் கீழே போட்டான்.

மறுநாள் முதல் கேஸ் வேறு யாரோ ஒருவருடையது. தரணி விடியற்காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, பஸ் ஏறப் போய்விட்டான். பிறகு கண்ணாடி வாங்கினார்கள். மூக்கில் நிற்கவில்லை. கம்பெனியில் ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக்கை வெட்டி இரண்டு பக்கமும் சகாயமேரி தைத்துக் கொடுத்தாளாம். அது நின்றது. வேலையும் நின்றது, நல்ல அர்த்தத்தில்தான். மேகலா அந்தச் செய்தியைச் சொல்ல எனக்குப் போன் செய்தாள். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். "தெரியலீங்" என்றாள். "வருவான்."

துணைவிழி கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு நல்ல லென்ஸைப் பாதுகாவலரே குருடாக்கிவிட்டார் என்று அவர்களுக்குப் பெரிய வருத்தம். நோயாளியின் பாதுகாப்பை முன்னிட்டு அடுத்த மாடலில் அணைக்கிற வசதியை எடுத்துவிட்டார்கள். நான் ஒரு கூட்டத்தில் எழுந்து கத்தினேன். "இது தங்களால் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு மட்டும்தானே மேடம்" என்று சமாதானம் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் டீ கொடுத்தார்கள்.

நான் ஓய்வு பெற்றேன். கணவர் போனார். மகன் ஆதவன் கனடாவில் வீடு வாங்கினான். எழுபதைத் தாண்டியபோது எனக்கும் இரண்டு கண்ணிலும் புரை. அதற்குள் விதி மாறியிருந்தது. எழுபது தாண்டித் தனியாக இருப்பவர்களுக்கு வலது கண்ணில் துணைவிழிதான், பிள்ளைகள் யாராவது ஒருவரின் கட்டைவிரல் வேண்டும். நான் டாக்டர் என்றேன். சின்னப் பெண் ஒருத்தி, என் பேத்தி வயசு, "அதான் மேடம் உங்களுக்கே தெரியுமே" என்று சிரித்துக்கொண்டே சொட்டு மருந்து விட்டாள்.

பார்வை பிரமாதம், குறை சொல்லக் கூடாது. அன்று ராத்திரியே ஆதவன் போன் செய்தான். "அம்மா, அடுப்பைச் சின்னதா வை." மறுநாள், "அந்த ஊறுகாய் வேண்டாம்மா, பிரஷர் ஏறும்." நல்ல பிள்ளை. எல்லாம் பாசம்தான். ஒருநாள் அவனுடைய அப்பாவின் சாய்வு நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. "என்னம்மா, படம் மங்கலா வருது? அழறியா?"

அன்றிலிருந்து அந்த நாற்காலிக்கு எதிரே உட்காரும்போது உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொள்ளப் பழகினேன். பிறகு குளிக்கும்போது. பிறகு காரணமில்லாமலும். என் தோள்மூட்டு தேய்ந்துபோனது, நாள் முழுக்கக் கையைத் தூக்கி வைத்தால் வலி உயிர் போகும்.

போன வாரம் மேகலாவும் தரணியும் தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்தார்கள். அவனுக்கும் தலை வெளுத்துவிட்டது, நடை தளர்ந்துவிட்டது. எலாஸ்டிக் கண்ணாடி மட்டும் அப்படியே நிற்கிறது. நான் ஒரு கையால் வலது கண்ணை மூடியபடி, மற்றக் கையால் டீ டம்ளரைத் தட்டில் வைக்கத் தடுமாறினேன். மேகலா பதறிப்போய், "கண்ணுக்கு என்னாச்சுங் டாக்டர்?" என்றாள். தரணி பதறவில்லை. என் எதிரே வந்து, குனிந்து, என் உள்ளங்கையைப் பார்த்தான்.

"உள்ளார ஆருங்?" என்றான்.

கண்ணை மூட ஆரம்பித்ததிலிருந்து ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி. "என் பையன்" என்றேன்.

அவன் சட்டைப் பையில் கை விட்டான். வேலைக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியும் அந்தச் சுருளை விடாமல் வைத்திருக்கிறான். ஒரு சிவப்பு அம்பை உரித்தான். என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இமைமேல் ஒட்டி, சுருக்கம் வராமல் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டான், துணிமேல் ஒட்டுகிறமாதிரியே.

"கை வலிக்குமுங்" என்றான். "இனி போகாது."

மேசைமேல் போன் அடிக்க ஆரம்பித்தது. ஆதவன்தான். இவ்வளவு நேரமாகப் படம் இருட்டாகவே இருக்கிறது, அம்மா கண்ணுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பான். நாளைக்கே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்துவிடுவான். மேகலா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதை எடுத்துக் குப்புற வைத்தாள்.

நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டீ இன்னும் சூடாக இருந்தது.